அகத்தி: வளர்க்கும் முறையும் தழை ஒடிக்கும் முறையும்

அகத்தியை நம் குடியானவர்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்விக்க வேண்டுவதில்லை. கொடிக்காலில் வெற்றிலைக்குக் கொழுகொம்பாகவும், கிணற்று மேட்டில் கீரைக்காகவும், வாழைத் தோட்டத்தின் ஓரத்தில் காற்றுக்குத் தடுப்பாகவும், அமாவாசையன்று பசுவுக்கு அளிக்கும் தழையாகவும் அது யாவருக்கும் பழக்கமானதே. ஆயினும், கால்நடைத் தீவனத்தை உத்தேசித்து வரப்புகளில் இதனை வைத்தவர்களிற் பலர், “முதல் வருஷம் செழிப்பாக வந்தது, மறு வருஷம் வரிசை வரிசையாகப் பட்டுப்போயிற்று” என்று குறைகூறக் கேட்கிறோம். சிலர் மண்ணைக் குற்றஞ் சொல்லுகிறார்கள். சிலர் விதையைக் குற்றஞ் சொல்லுகிறார்கள். விசாரித்துப் பார்க்குமிடத்து, பெரும்பாலும் குற்றம் அரிவாளிடத்திலேயே இருப்பதாகத் தெரியவருகிறது. அகத்தியின் ஆயுள் அதனை வெட்டும் முறையைப் பொறுத்தது. இவ்வொரு விஷயத்தைக் குடியானவர்கள் மனத்திற் பதித்துக்கொள்வார்களாயின், கோடையில் பசுந்தழைக்காக அலைய வேண்டிய கஷ்டம் பெரிதும் குறையும்.

இனமும் பெயரும்:— அகத்தி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு மரம். தாவர சாஸ்திரத்தில் இதற்கு ‘செஸ்பேனியா கிராண்டிப்ளோரா’ என்று பெயர். பெரிய பூவையுடையது என்பது பின்சொல்லின் கருத்து. தென்கிழக்கு ஆசியப் பிரதேசமே இதன் பூர்வீகமென்று சாஸ்திரிகள் பலர் கருதுகிறார்கள். வெள்ளைப் பூ உள்ளதும் சிவப்புப் பூ உள்ளதுமாக இரண்டு வகை உண்டு. பின்னதைச் செவ்வகத்தி என்பர். நம் பக்கத்தில் பெரும்பாலும் பயிராவது வெள்ளைப் பூ வகையே. மரம் 20 முதல் 30 அடி வரை உயரும். கட்டை மிருதுவானது, கிளைகள் நெருக்கமின்றிப் பரவலாக இருக்கும், ஆகையால் நிழல் மெல்லியது. காய்கள் 1 முதல் 2 அடி நீளத்திற்கு மெல்லியனவாகத் தொங்கும்.

சித்தகத்தியும், வயலில் மடக்கி உழும் தக்கைப்பூண்டும் இதற்கு நெருங்கிய உறவினங்கள். சீமை அகத்தி என்று சொல்லப்படும் மஞ்சட் பூச்செடியோ வேறு இனம். அதற்கு வண்டுகொல்லி என்ற பெயரும் உண்டு. பெயரைக் கண்டு மயங்கி அதன் விதையை வாங்கிவிடக் கூடாது.

இதர அவரை இனங்களைப்போல, அகத்தியின் வேர்களிலும் முடிச்சுகள் உண்டாகி, அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஆகாயத்திலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கின்றன. ஆதலின், இம்மரம் உதிர்க்கும் இலையும் நிலத்திற்கு எருவேயாகும்.

கீரையின் குணம்:— ஹைதராபாத்திலுள்ள தேசிய போஷாக்கு ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி, 100 கிராம் அகத்திக்கீரையில் 8.4 கிராம் புரதமும், 1,130 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், 3.9 மில்லிகிராம் இரும்புச் சத்தும் உள்ளன. அதே எடையுள்ள பசும்பாலில் சுண்ணாம்புச் சத்து சுமார் 120 மில்லிகிராமே. கண்ணுக்கு இன்றியமையாத ‘ஏ’ வைட்டமினாக உடலில் மாறும் பொருளும் இக்கீரையில் மிகுதியாக உண்டு. துவாதசியன்று விரதம் முடிப்போர் இதனைத் தவறாமற் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும், அரிசி களைந்த நீரில் வேகவைத்துச் சாறாக அருந்தும் வழக்கமும் நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவருகின்றன. பூவையும் சமைக்கலாம், உள்ளிருக்கும் கசப்பான காம்பை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

கால்நடைகளுக்கு இதன் பெருமை இன்னும் அதிகம். தழையை ஈரமின்றி உலர்த்தி நிறுத்தால், அவ்வெடையில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு வரை புரதம் உள்ளது. வைக்கோலில் அது 3 அல்லது 4 பங்குக்கு மேல் இராது. கோடையில் வெறும் வைக்கோலையே தின்று எலும்பெடுத்து நிற்கும் பசுவுக்கு ஒரு கை அகத்தித் தழை எத்துணை உபகாரமாகும் என்பதை இக்கணக்கிலிருந்தே அறியலாம்.

என் தவறு:— சில வருஷங்களுக்கு முன், ஆற்றுப் பாய்ச்சலுள்ள ஒரு கிராமத்தில், மிராசுதாரர் ஒருவருடைய வரப்புகளில் 60 அகத்திக் கன்றுகளை வைக்கச்செய்தேன். நீர் வசதி நன்றாக இருந்தமையால் எட்டே மாதத்தில் அவை இரண்டு ஆள் உயரத்திற்கு வளர்ந்தன. சவுண்டல் மரத்தை முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டால் அடிக்கட்டையிலிருந்து பத்துப் பன்னிரண்டு போத்துகள் கிளம்பும். அந்த அனுபவத்தைக் கொண்டு அகத்தியையும் அவ்வாறே வெட்டும்படி சொன்னேன். முதல் வெட்டில் வண்டி நிறையத் தழை கிடைத்தது; மிராசுதாரருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. இரண்டு மாதம் சென்று போய்ப் பார்த்தேன். சில கட்டைகளில் இரண்டொரு போத்து மாத்திரம் மெலிந்து நின்றது. பல கட்டைகள் வெட்டுவாயிலிருந்து கீழ்நோக்கி அழுகத் தொடங்கியிருந்தன. மிஞ்சியவற்றை இரண்டாம் முறை வெட்டியபின், அறுபதில் இருபதுகூடத் தேறவில்லை.

அவ்வூரிலேயே கொடிக்காலில் வேலை செய்யும் முதியவர் ஒருவர், அக்கட்டைகளைப் பார்த்துவிட்டு, “ஐயா, மடியிலே பால் கறக்கலாம், மடியையே அறுக்கலாமா?” என்றார். அவரைத் தொடர்ந்து கொடிக்காலுக்குச் சென்று பார்த்த பிறகே எனக்கு விஷயம் தெளிவாயிற்று. அங்கே மூன்று வருஷத்து அகத்தி பசுமை குன்றாமல் நின்றது. வாரந்தோறும் யாரேனும் அதில் தழை ஒடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஒருவரும் அடிமரத்தைத் தொடவில்லை. அந்த மிராசுதாரருக்கு நான் உண்டாக்கிய நஷ்டத்தை மறைக்காமல் இங்கே எழுதுவது, வேறொருவர் அதே பிழையைச் செய்யாதிருக்கும்பொருட்டே.

காரணம்:— சவுண்டல், கிளைரிசிடியா முதலிய மரங்களின் அடிக்கட்டையில் உறங்கும் கணுக்கள் ஏராளம். வெட்டப்பட்டவுடன் அவை விழித்துத் துளிர்விடும். அகத்தியின் முதிர்ந்த அடிக்கட்டைக்கு அவ்வாறு துளிர்க்கும் சக்தி மிகவும் குறைவு. இலையும் கிளையும் தாங்கிநிற்கும் மேற்பகுதியிலிருந்தே அது புதுத் துளிர் விடுகிறது. மேலும், அதன் கட்டை மிருதுவாகையால், பெரிய வெட்டுவாயில் ஈரம் தங்கி விரைவில் அழுகல் உண்டாகிறது. இந்தோனேஷியாவில் சூலவேசித் தீவில் சவுண்டல், கிளைரிசிடியா, கலியாண்டிரா, அகத்தி ஆகிய நான்கையும் ஒருங்கே பயிரிட்டுப் பார்த்து 1989ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், மற்ற மூன்றையும்போல் அகத்தி அடிக்கடி வெட்டப்படுவதைத் தாங்கவில்லை என்றே கண்டார்கள்.

இதனால் அகத்தி தீவனத்திற்கு உதவாது என்று முடிவு செய்துவிடலாகாது. அதே இந்தோனேஷியாவைச் சேர்ந்த லொம்போக் தீவில் குடியானவர்கள் நெல்வயல் வரப்புகளிலே இதனை வரிசையாக வைத்து, மழையில்லாக் காலத்தில் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் இத்தழையையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள். அவர்கள் ஒடிப்பது பக்கக் கிளைகளையே.

தழை ஒடிக்கும் முறை:— கீழ்க்கண்ட விதிகளைக் கவனித்தல் அவசியம்.

(1) விதைத்து 8 மாதம் ஆகும்வரையில் கத்தி படக் கூடாது.

(2) நடுத்தண்டையும் அதன் கொழுந்தையும் விட்டுவிட்டு, பக்கக் கிளைகளை மட்டுமே எடுக்க வேண்டும். கீழ்க் கிளைகளிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செல்ல வேண்டும். உச்சியில் மூன்றில் ஒரு பங்கு இலை எப்பொழுதும் மரத்திலேயே நிற்க வேண்டும். மரத்தை மொட்டையடித்தால் அது மீள்வது அரிது.

(3) கூரிய அரிவாளைக் கொண்டு, முதலில் கிளையின் அடிப்புறம் சிறிது கீறிவிட்டுப் பிறகு மேலிருந்து வெட்ட வேண்டும். கையால் பற்றி இழுத்தால் பட்டை உரிந்து நடுத்தண்டில் காயமுண்டாகும்.

(4) பாசனமுள்ள இடங்களில் 60 முதல் 80 நாளைக்கு ஒரு முறையும், மானாவாரியில் 3 அல்லது 4 மாதத்திற்கு ஒரு முறையும் ஒடிக்கலாம்.

(5) மரம் எட்டாத உயரம் போய்விட்டால், கொடிக்காலில் செய்வதுபோல் சுமார் 13 அடி உயரத்தில் உச்சியைத் தறித்து நிறுத்தலாம். அப்பொழுது கீழே இலையுள்ள கிளைகள் போதிய அளவு இருக்க வேண்டும். தலையைத் தறிப்பது வேறு. அடியை வெட்டுவது வேறு.

இம்முறையில் மரம் ஒன்றுக்கு வருஷத்திற்கு 27 கிலோ வரை பசுந்தழை கிடைத்திருப்பதாக ஆராய்ச்சி நூல்களில் காணப்படுகிறது. நம் வரப்புகளில் அதிற் பாதிக்கும் குறைவாக, 12 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தின் சுற்றளவு சுமார் 830 அடி. 6 அடிக்கு ஒரு மரமாக, மடைக்கும் வண்டிப்பாதைக்கும் இடம் விட்டாலும், 100 மரம் தாராளமாக வைக்கலாம். வருஷத்தில் கிடைக்கும் 1,200 கிலோவில் பாதியைக் கோடைக்கென்று ஒதுக்கினால், 4 மாதத்திற்கு நாள் ஒன்றுக்கு 5 கிலோ தழையாகிறது. நாலைந்து ஆடுகளுக்கோ, இரண்டு பசுக்களின் வைக்கோலுக்குத் துணையாகவோ அது போதுமானது. நெல் விளையும் நிலத்தில் ஒரு குழியும் இதற்காகக் குறைவதில்லை.

மண்ணும் சீதோஷ்ணமும்:— அகத்தி பனி விழும் மலைப்பிரதேசங்களுக்கு ஏற்றதன்று. சமவெளியில் வண்டல், களிமண், செம்மண் எதிலும் வரும். ஓரளவு உவர் நிலத்தையும் சகிக்கும். சில நாள் வெள்ளம் தேங்கினாலும் பிழைத்துக்கொள்ளும். வரப்புக்கு இது தகுந்ததாயிருப்பதற்கு இதுவே முக்கிய காரணம். கடும் புயலை மாத்திரம் தாங்காது, கிளைகள் முறியும். ஆகவே, கரையோரக் கிராமங்களில் ஐப்பசி பிறக்குமுன் மரங்களின் பாரத்தைக் குறைத்துவிடுதல் நலம்.

விதையும் விதைப்பும்:— நோயற்ற, நன்கு இலைவிடும் மரத்திலிருந்து, முற்றிப் பழுத்த நிறமடைந்த காய்களைப் பறித்து உலர்த்தி விதை எடுக்க வேண்டும். ஒரு கிலோவில் 17,000 முதல் 30,000 விதை வரை இருக்கும். விதைகளை ஓர் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் ஒருசீராக முளைக்கும். வென்னீரோ மருந்தோ தேவையில்லை.

அகத்தியை விதைத்த இடத்திலேயே வளரவிடுவது சிலாக்கியம். ஆடி, ஆவணி மழையிலோ, பாய்ச்சல் உள்ள இடமாயின் எக்காலத்திலுமோ விதைக்கலாம். வரப்பில் 6 அடிக்கு ஒரு குழியாக, அரை அடி ஆழம் கிளறி, ஒரு கூடை மக்கிய எருவும் ஒரு பிடி சூப்பர் பாஸ்பேட்டும் இட்டு மூடி, அதன்மேல் 3 விதைகளை அரை அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். முளைத்து ஒரு சாண் வளர்ந்ததும், வலுத்த கன்று ஒன்றை நிறுத்தி மற்றவற்றைப் பிடுங்கிவிடலாம். தனித் தோட்டமாகத் தீவனத்திற்கு வைப்பதாயின், 3 அடிக்கு 3 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ விதை வேண்டும்.

முதல் மூன்று மாதமும் கன்றுக்குப் பெரிய சத்துரு ஆடு. ஆடு நுனியைக் கடித்துவிட்ட கன்று பின்னர் தேறுவது கஷ்டம். ஒவ்வொரு கன்றுக்கும் இலந்தை முள்ளோ கருவேல முள்ளோ கட்டிவைத்தல் வேண்டும். களையை நீக்கி, மழை தவறினால் வாரத்திற்கு ஒரு முறை நீர் விட வேண்டும். அதன்மேல் அதிகப் பராமரிப்புத் தேவையில்லை.

எவ்வளவு நன்றாகக் காத்தாலும் அகத்தி நீண்ட ஆயுளுள்ள மரமன்று. எனவே, ஆண்டுதோறும் ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் புது விதை ஊன்றிவந்தால், பழைய மரங்கள் தளருமுன் இளமரங்கள் தழைக்கு ஆகிவிடும்.

கொடிக்காலில்:— வெற்றிலை பயிராகும் சோழவந்தான், கும்பகோணம் முதலிய இடங்களில், கொடிக்கு உயிர்க்கொம்பாக அகத்தியையே பெரும்பாலும் வைக்கிறார்கள். சுமார் ஆறரை அடி அகலமான மேட்டுப் பாத்தியும், இரண்டு பாத்திகளுக்கு நடுவே ஒன்றரை அடி அகலமும் அதே ஆழமுமுள்ள வடிகால் வாய்க்காலும் எடுத்து, பாத்தியில் வரிசையாக அகத்தி விதையைத் தூவுகிறார்கள். செடிகள் வளர்ந்து நிழல் கொடுக்கத் தொடங்கியதும் கொடி நடப்படுகிறது. கொடி ஏற ஏற வாழை நாரால் அகத்தியோடு தளர்வாகக் கட்டிவருவார்கள். பக்கக் கிளைகளைக் கழித்து நிழலை அளவாக வைப்பதே கொடிக்காற்காரருடைய திறமை. நிழல் மிஞ்சினால் ஈரம் தங்கி வாடல் நோய்க்கு இடமாகும். நிழல் குறைந்தால் இலை தடித்துச் சந்தையில் விலை போகாது. இவ்வளவு கணக்காகக் கத்தி பிடிப்பவர்கள் அருகிலிருக்க, தீவனத்திற்கு வைப்போர் அவர்களிடம் ஒரு நாள் வேலை பழகிக்கொள்ளுதல் எளிது. நாம் சொல்லும் எந்தப் பாடத்தினும் அது பயன்தரும்.

பூச்சிகள்:— தண்டு துளைக்கும் புழுவே முக்கியமானது. அந்துப்பூச்சி ஒன்றின் இப்புழு இளந்தண்டினுள் புகுந்து குடைவதால், அவ்விடம் வீங்கித் துவாரத்தின் வழியே மரத்தூள் வெளிப்படும். காற்றடித்தால் அங்கே முறியும். வீக்கம் கண்ட கிளைகளை அதற்குக் கீழே வெட்டி எரித்துவிட வேண்டும். நடுத்தண்டிலாயின், மெல்லிய கம்பியைத் துவாரத்தில் செலுத்திப் புழுவைக் கொல்லலாம். உண்ணும் கீரையாகவும் தீவனமாகவும் இருப்பதால், அகத்திக்கு நச்சு மருந்து தெளித்தல் கூடாது. கொடிக்காலில் வெற்றிலைக்கு மருந்தடித்திருந்தால், அம்மருந்துக்குக் குறிப்பிட்ட நாள் கழியும்வரையில் அங்குள்ள அகத்திக்கீரையை வீட்டுக்கோ மாட்டுக்கோ எடுக்கலாகாது. இவ்விஷயத்தில் அலட்சியம் கூடாது.

கொடுக்கும் அளவு:— பழக்கமில்லாத மாட்டுக்குப் பசியோடிருக்கும்போது இத்தழையை ஏராளமாகப் போட்டால் வயிறு உப்பும். முதலில் ஒரு பிடி கொடுத்து, ஒரு வாரத்தில் மெல்ல உயர்த்த வேண்டும். மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல், வைக்கோலோடோ சோளத்தட்டையோடோ கலந்து கொடுப்பது உத்தமம். கோழிகளுக்கு இத்தழை ஆகாது. குஞ்சுகளுக்கு முக்கியமாகத் தீங்கு செய்யும். விறகாக இம்மரம் மட்டமானது. சீக்கிரம் எரிந்து புகையைக் கக்கும். விறகை உத்தேசித்து அடிமரத்தை வெட்டுவோர், அற்ப லாபத்திற்காகப் பெரிய லாபத்தை இழக்கிறார்கள்.

கிராம அதிகாரிகளுக்கு:— வரப்பு மரங்களினால் பங்காளிகளுக்கும் அண்டைக் குடிகளுக்கும் வியாஜ்யம் எழுவதைக் கிராம அதிகாரிகள் நன்கு அறிவார்கள். ஆகையால், பொது எல்லை வரப்பில் வைக்குமுன் இரு தரப்பாரும் சம்மதித்து, தழை யாருக்கு எந்தப் பக்கம் என்பதையும் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளும்படி அவர்கள் புத்தி சொல்ல வேண்டும். சம்மதம் கிட்டாவிடில், உள் வரப்புகளிலும் களத்து மேட்டிலும் வைத்துக்கொள்ளலாம். வாய்க்கால் கரை, ஏரிக்கரை முதலியவற்றில் வைப்பதற்கு உரிய அதிகாரிகளின் அனுமதி பெறுதல் வேண்டும். பள்ளிக்கூடத் தோட்டங்களில் இரண்டு மரம் வைத்தாலும், பிள்ளைகளின் மதிய உணவுக்கு வாரம் ஒரு நாள் கீரை கிடைக்கும். அதை ஒடிக்கும் முறையையும் அவர்கள் சிறு வயதிலேயே கற்றுக்கொள்வார்கள்.

விதையும் சுலபமாகக் கிடைக்கிறது, இடமும் வரப்பிலேயே இருக்கிறது, செலவும் சொற்பம். வேண்டுவது கொஞ்சம் பொறுமையே. ஒரே நாளில் வண்டி நிறைய வேண்டுமென்று அடியை வெட்டுவோருக்கு ஒரு வண்டித் தழைதான் கிடைக்கும். பக்கக் கிளையோடு திருப்தியடைவோருக்குச் சில வருஷம் தொடர்ந்து தினமும் ஒரு சுமை கிடைக்கும். வரும் ஆடியில் 10 விதையாவது ஊன்றிப் பார்க்கும்படி குடியானவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.